பைப்லைன் பாதி காலி என்கிறார்கள், பிறகு கெபாசிட்டி ஏன் தனியாகக் கேட்க வேண்டும்?

கொதிகலன் (பெங்களூரு):

வணக்கம். மாலூர் பக்கம் எங்கள் கம்பெனி புதிய பர்னஸ் போடப் போகிறது. இதுவரை ஆயிலில் ஓட்டினோம், இனி இயற்கை எரிவாயு. ஒரு நாளைக்குச் சுமார் 60,000 எஸ்சிஎம் (ஸ்டாண்டர்ட் கன மீட்டர்) தேவைப்படும். 50,000-க்கு மேல் என்பதால் நகர எரிவாயு நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, காஸை ஐஜிஎக்ஸ் என்னும் எரிவாயு வர்த்தகச் சந்தையில் வாங்கிப் பெரிய பைப்லைன் வழியாகவே கொண்டுவரலாம் என்று எங்கள் பர்ச்சேஸ் ஆட்கள் சொல்கிறார்கள். அதற்குப் பைப்லைனில் கெபாசிட்டி தனியாகப் புக் செய்ய வேண்டுமாம். இங்கேதான் எனக்குப் புரியவில்லை. தாபோல்–பெங்களூரு பைப்லைன் 16 எம்எம்எஸ்சிஎம்டி, அதாவது நாளைக்கு ஒரு கோடியே 60 லட்சம் கன மீட்டர். நாங்கள் கேட்பது அதில் அரை சதவீதம்கூட இல்லை. அந்த லைன் பல வருடமாக முழு அளவில் ஓடவில்லை என்றும் செய்திகளில் படித்திருக்கிறேன். பிறகு எதற்கு எங்கே ஏற்றுவீர்கள், எங்கே இறக்குவீர்கள், எவ்வளவு பிரஷர் வேண்டும் என்று இத்தனை கேள்வி? 16-இல் புக் ஆனதைக் கழித்தால் மீதி தெரிந்துவிடாதா?

வால்வு நிலையம் (மும்பை):

கழித்தால் தெரியாது. பைப்லைன் ஹைட்ராலிக்ஸ், அதாவது குழாயில் ஓட்டத்தையும் பிரஷரையும் கணக்கிடுவதுதான் என் வேலை, இதைப் பலருக்கும் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காஸ் ஓடுவது பிரஷர் வித்தியாசத்தால். ஓட்டத்தின் அளவு, தொடக்கப் பிரஷரின் வர்க்கத்திலிருந்து முடிவுப் பிரஷரின் வர்க்கத்தைக் கழித்து, நீளத்தால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. குழாயின் விட்டம் இதைவிட வலுவாக வேலை செய்யும், சுமார் இரண்டரை அடுக்கு. 12 அங்குலக் குழாயை 18 அங்குலமாக்கினால் ஓட்டம் ஒன்றரை மடங்கு அல்ல, ஏறக்குறைய 2.75 மடங்கு.

இப்போது ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பிரஷர் 90 பார் (பார் என்பது பிரஷரின் அலகு), கடைசியில் இருப்பவருக்கு 60 பார் கட்டாயம், நடுவில் பிரஷரை ஏற்றிவிடும் கம்ப்ரஸர் இல்லை. கடைசி வரை 100 பங்கு காஸ் போகும் என்று வைப்போம். அதே காஸை எல்லோரும் பாதி வழியிலேயே, அதே 60 பாரில் எடுத்துக்கொண்டால் 141 பங்கு போகும், ஏனென்றால் நீளம் பாதி. ஆனால் அப்படி 141-ஐ நடுவில் எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பிரஷர் 60-க்கு இறங்கிவிடும், அதற்குப் பிறகு கடைசி ஆளுக்கு 60 பாரில் ஒரு சொட்டும் கொடுக்க முடியாது. சரி, இந்தக் குழாயின் கெபாசிட்டி 100-ஆ, 141-ஆ? யார் எங்கே எடுக்கிறார்கள் என்று தெரியாமல் பதில் சொல்லவே முடியாது. எனக்குத் தஞ்சாவூர் பக்கம். மேட்டூரில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்பதை வைத்துக் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வருமா என்று எங்கள் ஊரில் யாரும் முடிவு செய்ய மாட்டார்கள். மேலே எத்தனை மதகு திறந்திருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

அதனால்தான் பைப்லைனைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு நுழைவிடத்திலும் வெளியேறும் இடத்திலும் உறுதியான பிரஷரை வைத்து, சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். கெபாசிட்டியை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதற்கே பெட்ரோலிய, எரிவாயு ஒழுங்குமுறை வாரியமான பிஎன்ஜிஆர்பி 2010-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. காஸின் வெப்பநிலை, கம்ப்ரஸரின் திறன் எல்லாம் அதில் சேரும். வெளியேறும் பிரஷரை 60-க்குப் பதில் 50 என்று நீங்கள் ஒப்புக்கொண்டால், என் உதாரணத்தில் 100 பங்கு 111-ஐத் தாண்டிவிடும். உங்களிடம் பிரஷர் கேட்பது இதற்காகத்தான்.

பழைய ஷிப்பர் (பெங்களூரு):

மேலே சொன்னது குழாயின் பக்கம். காகிதத்தின் பக்கத்தை நான் சொல்கிறேன் தம்பி. புக் ஆனது வேறு, ஓடுவது வேறு. ஒருவர் பத்து பங்கு புக் செய்து நான்கு பங்கு எடுத்தால், செய்தியில் குழாய் காலி என்று வரும், ஆனால் அந்த ஆறு பங்கின் மேல் உரிமை அவருடையது. 2006-இல் வந்த பிஎன்ஜிஆர்பி சட்டத்தில் கான்ட்ராக்ட் கேரியர் என்பது குறைந்தது ஒரு வருட உறுதி ஒப்பந்தம், காமன் கேரியர் என்பது பாகுபாடு இல்லாமல் எவருக்கும் திறந்த பங்கு. உங்களுடையது எதில் வரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

உறுதி ஒப்பந்தம் போட்டால் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும், ஷிப் ஆர் பே. நான் முன்பு இருந்த ஆலையில் பர்னஸின் உட்பூச்சு (லைனிங்) உடைந்து அது மூன்று வாரம் நின்றது. ஒரு கன மீட்டர்கூட எடுக்கவில்லை, போக்குவரத்துக் கட்டணம் மட்டும் வந்தது. ஒப்பந்தப்படி அது சரிதான், நாங்கள்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தோம். அமெரிக்காவில் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 636-ஆம் ஆணை 1992-இல் வந்த பிறகு, பயன்படுத்தாத கெபாசிட்டியை இன்னொருவருக்கு விற்றுவிட வழி இருக்கிறது. ஐரோப்பாவில் ஏலமே நடக்கிறது. அந்த அளவுக்குக் கைமாறும் சந்தை இங்கேயும் வந்தால்தான் காலியாக இருக்கும் குழாய் உங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

கொதிகலன்:

இருவருக்கும் மிக்க நன்றி சார். ஒரு சந்தேகம். 2023 ஏப்ரல் முதல் கட்டணத்தை நாடு முழுக்க ஒன்றாக்கி, தூரத்தை வைத்து மண்டலம் பிரித்தார்களே, அதற்குப் பிறகும் இந்தப் பாதைக் கணக்கு உண்டா?

வால்வு நிலையம்:

உண்டு. ஒன்றானது கட்டணம், குழாய் அல்ல. காஸ், கப்பலில் வந்து இறங்கும் மகாராஷ்டிரத்தின் தாபோல் டெர்மினலிலிருந்து வந்தால் ஒரு பாதை. குஜராத்தின் தாஹேஜ் டெர்மினலிலிருந்து வந்தால் உரான், பன்வேல் வழியாக தாபோலுக்கு வரும் குழாயிலும் உங்களுக்கு இடம் வேண்டும். ஐஜிஎக்ஸில் வாங்கும்போது டெலிவரி எங்கே என்பதைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம், பர்னஸ் 24 மணி நேரமும் ஓடுமா? 60,000-ஐ நாள் முழுக்கப் பரப்பினால் மணிக்கு 2,500. இரண்டே ஷிப்ட் என்றால் 3,750. மெயின் லைனில் தேங்கியிருக்கும் காஸ் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் உங்கள் ஆலைக்கு வரும் கிளைக் குழாயையும் மீட்டரையும் 3,750-க்குத்தான் போட வேண்டும்.

பழைய ஷிப்பர்:

காஸ் நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6-க்கு முடியும், உங்கள் ஷிப்ட் கணக்கையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு எடுப்போம் என்று முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு மேலே போனால் ஓவர்ரன், ஏற்றியதற்கும் எடுத்ததற்கும் பொருந்தாவிட்டால் இம்பாலன்ஸ், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம்.

கொதிகலன்:

இரண்டு ஷிப்ட்தான் சார். விண்ணப்பத்தில் மணிக்கு 2,500 என்று எழுதி வைத்திருந்தேன். நாளைக்கே புரொடக்‌ஷன் மேனேஜரிடம் உட்கார்ந்து திருத்துகிறேன், எங்கள் பர்னருக்கு உண்மையில் எத்தனை பார் போதும் என்பதையும் கேட்டுவிடுகிறேன்.