இலங்கை மலையகத்தின் எல்ல ஊரைப் பற்றி எழுதுகிறவர்களை எதை வைத்து நம்புவது?

தலவாக்கலைக்காரன்:
கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பா குடும்பம் மாசியில் வருகிறது. மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பல் ஏறியபோது சித்தப்பாவுக்கு வயது 12. அவர் மகள் தினமும் ஒரு பயணப் பதிவின் லிங்கை அனுப்பி, “அண்ணா, இது உண்மையா?” என்கிறாள்.

பதில் சொல்லப் பயமாக இருக்கிறது. போன மார்கழியில் நானே ஏமாந்தவன். பால்கனியில் தேத்தண்ணி குடித்தபடியே ஒன்பது வளைவுப் பாலத்தில் கோச்சி (ரயில்) போவதைப் பார்க்கலாம் என்று ஒருவர் உருகி எழுதியிருந்தார். நம்பி, மனைவி பிள்ளைகளோடு எல்லயில் இரண்டு நாள் ரூம் போட்டேன். இரண்டு நாளும் அடைமழை. மழை விட்ட அரை மணி நேரத்தில் எட்டிப் பார்த்தால், எதிரே பக்கத்து ஹோட்டலின் தண்ணீர்த் தாங்கி. பாலம் தெரிய மொட்டைமாடியில் ஏறிக் கழுத்தை வளைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பதிவை மறுபடி படித்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு தள்ளுபடிக் குறியீடு. பதிவின் தேதி ஜூலை. ஆடியில் நம்ம தலவாக்கலைப் பக்கம் மழை கொட்டும், எல்ல இருக்கிற ஊவாப் பக்கம் காயும், மார்கழியில் தலைகீழ். மலையகத்தில் பிறந்த எனக்கே அது உறைக்கவில்லை.

நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?

அப்புத்தளை ஆட்டோ:
தம்பி, நான் லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனைக்கு ஆள் ஏற்றுகிறவன். எழுதுகிறவர்களையும் ஏற்றியிருக்கிறேன். ஒருவர் பத்தரைக்கு வந்தார். அந்த நேரத்தில் மேலே மூட்டத்தைத் தவிர என்ன இருக்கும்? இருபது நிமிடம் நின்றார். பிறகு பார்த்தால், “விடியலில் ஏழு கிலோமீட்டர் நடந்தேன்” என்று எழுதியிருக்கிறார். தம்பேதன்ன ஃபேக்டரியிலிருந்து கிட்டத்தட்ட ஏழுதான், அது பொய்யில்லை. நடந்தது என் ஆட்டோ.

நான் படத்தைத்தான் பார்ப்பேன். கொழுந்து பறிக்கிற பெண் இடுப்பில் படங்கு (ஈரம் படாமல் கட்டுகிற சாக்கு) இல்லாமல் பளபளவென்று சேலையோடு நின்றால், காசு கொடுத்து நிற்கவைத்தது. பனியில் நனைந்த செடிக்குள் படங்கு கட்டாமல் யார் இறங்குவார்? கூடைக்குள்ளும் பாருங்கள், ஒன்றும் இருக்காது.

பழைய ரிசப்ஷன்:
ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் இருந்தேன். சீசனுக்கு முன்னால் ஆளுக்கு ஐந்து விமர்சனம் எழுதச் சொல்வார்கள். ஒரு வாரம் நான் ஜெர்மன்காரியாக இருந்தேன்! நாங்கள் எழுதியதில் எல்லாமே “அருமை”, “அற்புதம்”தான். உண்மையாகத் தங்கினவர் சுடுதண்ணி எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதுவார்.

நட்சத்திரத்தை எண்ணிப் பயனில்லை. 2017இல் லண்டனில் ஒருவர் தான் குடியிருந்த கொட்டிலை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிந்து, தெரிந்தவர்களை விட்டு எழுதவைத்தே நகரத்தின் முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அதுவரை ஒருத்தருக்கும் ஒரு தட்டுகூடப் பரிமாறவில்லை.

ஹட்டன் டீச்சர்:
ஓசியில் தங்கினேன் என்று முதல் வரியிலேயே சொல்கிறவரை நான் ஒதுக்கமாட்டேன். எனக்கு ஆகாதது ஈயடிச்சான் காப்பி. பாலம் 1921இல் முடிந்தது, இரும்பெல்லாம் முதல் உலகப் போருக்குப் போனதால் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டினார்கள் என்ற கதை பத்துப் பதிவில் ஒரே வாக்கியமாக வரும். யார் சொன்னது என்று ஒன்றிலும் இருக்காது.

சிவனொளிபாதமலையும் அப்படித்தான். ஆகஸ்டில் ஏறியதாகச் சொல்லிவிட்டு, வழி முழுக்க விளக்கு, தேத்தண்ணிக் கடை என்று எழுதியிருந்தால் ஆள் போகவேயில்லை. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) மே மாத வெசாக் வரைதான் சீசன். மற்ற நாளில் நல்லதண்ணியிலிருந்து டோர்ச்சோடுதான் ஏற வேண்டும்.

தலவாக்கலைக்காரன்:
நன்றி. தங்கச்சி அனுப்பியதில் ஒன்றுதான் தேறியது. எழுதியவர் ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் பத்து மணிக்குப் போய் மூட்டத்தைப் பார்த்துவிட்டு, டிக்கெட் காசு போச்சே என்று புலம்பியிருக்கிறார். அதைப் படி என்றேன்.

நடுவில் சித்தப்பா போனை வாங்கினார். காட்சியெல்லாம் இருக்கட்டும், தோட்டத்து அஞ்சாம் நம்பர் தேயிலை மலையில் முனியாண்டி கோயில் மரம் நிற்கிறதா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.