மண் ஈரம் பாக்குற பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருதடவைதான் முழிக்குது, பேட்டரி ஏன் எட்டு நாள் தாங்கமாட்டேங்குது?

தோப்புக்காரன்:
பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புங்க. சொட்டுநீர் வால்வு தானா திறந்து மூட ஒரு ஏற்பாடு. தோப்புல வச்ச பெட்டிக்குள்ள (நோடு) இஎஸ்பி32ங்கற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, மண் ஈரம் பாக்குற கெப்பாசிட்டிவ் சென்சார், லோரா (தூரத்துக்குத் தகவல் அனுப்புற ரேடியோ), 2600 எம்ஏஎச் 18650 செல். 300 மீட்டர் தள்ளி மோட்டார் ரூம்ல அந்தத் தகவலை வாங்குற கேட்வே. வால்வு அதோட கையில. நோடு அளந்து அனுப்பிட்டு டீப் ஸ்லீப் (ஏறக்குறைய எல்லாத்தையும் அணைச்சுட்டுத் தூங்குறது) போயிடும். டேட்டாஷீட்ல 10 மைக்ரோ ஆம்பியர்னு இருக்கு, மீட்டர் 14 மில்லி ஆம்பியர் காட்டுது. கோடு தப்பா?

சால்டர் வாசனை:
கோடு மேல தப்பில்லைங்க. அந்த 10 சிப்புக்கு மட்டும், போர்டுக்கு இல்ல. போர்டுல வோல்ட்டை 3.3க்குக் குறைக்கிற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்பியர் கிட்ட குடிக்கும். சிவப்பு எல்இடி ராத்திரி பகலா எரியுது. சென்சாரை 3.3 வோல்ட்ல நேரா மாட்டியிருப்பீங்க, அதுக்கு இன்னொரு 5. எல்இடியைப் பேத்துடுங்க, ரெகுலேட்டருக்கு எம்சிபி1700 போடுங்க (250 மில்லி ஆம்பியர்தான் தரும், வைஃபைக்கு அது பத்தாது, அந்தப் பக்கம் போயிடாதீங்க). சென்சாருக்கு ஜிபிஐஓ பின்ல (கோடு ஆன், ஆஃப் பண்ற பின்) இருந்து, அளக்கும்போது மட்டும் கரண்ட்.

ஈரமண்:
பத்து நிமிஷத்துல தோப்பு மண்ணு என்னங்க காஞ்சிடும்? அளக்கட்டும், கடைசியா அனுப்பினதுல இருந்து 3 சதவீதம் மாறினா மட்டும் லோராவை எழுப்புங்க. ஆனா நோடு பேசலைன்னா ஈரம் மாறலையா, செல் செத்துச்சான்னு கேட்வேக்குத் தெரியாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை எப்படியும் ஒரு பாக்கெட் (ஒரு தடவை அனுப்புற தகவல்) வரணும். வால்வுக்கு அதிகபட்ச நேரம் வச்சு, தகவல் வந்தாலும் வராட்டியும் கேட்வே மூடணும். இதை விட்டுட்டு ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணி பாய்ச்சின ஆளு நான். லோராவுல எஸ்எஃப் (எண் கூடினா தூரம் போகும், அனுப்புற நேரமும் கூடும்) எத்தனை?

தோப்புக்காரன்:
12ங்க.

ஈரமண்:
அட! 20 பைட் அனுப்ப எஸ்எஃப்7ல 60 மில்லி செகண்ட், 12ல ஒரு செகண்டுக்கு மேல. 300 மீட்டருக்கு 7ல இருந்து ஆரம்பிங்க.

தோப்புக்காரன்:
எல்லாம் மாத்தியாச்சு. தூக்கத்துல 0.2 மில்லி ஆம்பியர். ஆனா சென்சார் இப்ப கண்டபடி அளவு குடுக்குது, அதனால சும்மா சும்மா அனுப்பிட்டே இருக்கு.

சால்டர் வாசனை:
பின்னை ஆன் பண்ணின கையோட படிக்கிறீங்க. அரை செகண்ட் விட்டு, நாலஞ்சு தடவை படிச்சு சராசரி எடுங்க.

தோப்புக்காரன்:
சரியாயிடுச்சுங்க. மழை பெஞ்சா எஸ்எஃப்7ல சில பாக்கெட் போய்ச் சேரலை, 9ல வச்சிருக்கேன். வால்வுக்கு அதிகபட்சம் 40 நிமிஷம்.