20 எம்.எம். எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கான்ட்யூட் பைப் வளைவில் சப்பையாகிறது – சரியான பெண்டர் எங்கே கிடைக்கும்?

ஏற்காட்டில் காபி உலர்த்தும் கொட்டகை ஒன்றுக்குச் சுவர்மேல் கான்ட்யூட் (ஒயர் ஓடும் இரும்புப் பைப்) போட்டு ஒயரிங். பைப் 20 மி.மீ. வெளிவிட்டம், 16 கேஜ் தடிமன், வெல்டிங் தையல் உள்ளது. கை பெண்டரில் (பைப் வளைக்கும் கருவி) 60 டிகிரி தாண்டியதும் உள்வளைவு மடிந்து, நடுவில் 16 மி.மீ.க்குச் சப்பையாகிறது. அந்த இடத்தில் ஒயர் இழுத்தால் இன்சுலேஷன் உரிகிறது.

பெண்டரில் முக்கால் இஞ்ச் என்று அடித்திருக்கிறது. பைப் உட்காரும் பள்ளத்தின் அகலம் 23.5 மி.மீ. அமெரிக்க முக்கால் இஞ்ச் ஈ.எம்.டி. (மெல்லிய சுவர் ஒயரிங் பைப்) பைப்பின் வெளிவிட்டம் 23.4, அதற்கு அது கச்சிதம். நம்ம 20 பைப்புக்கு மூன்றரை மி.மீ. ஆட்டம். பக்கவாட்டில் பிடிப்பு இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அரை இஞ்ச் பெண்டர் 17.9 மி.மீ. பைப்புக்கானது, நம்ம பைப் நுழையவே இல்லை.

தையலைப் பக்கவாட்டில் வைத்து, குதிகாலால் அழுத்தி மெதுவாக வளைத்தும் அதே கதைதான். மணலை இறுக்கி இரு முனையிலும் மரக்கட்டை அடைத்தால் 18 மி.மீ. வரை நிற்கிறது, 40 வளைவுக்கும் இப்படிச் செய்ய நேரம் இல்லை. சூடு காட்டினால் பெயின்ட் கருகி, மலை ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ரெடிமேட் பெண்டும் உதவாது, நமக்கு வேண்டிய வளைவுகளில் 30, 45 டிகிரி ஆஃப்செட்டும் (பைப்பை இணையாக நகர்த்தும் இரட்டை வளைவு) கலந்திருக்கின்றன.

20 மி.மீ. வெளிவிட்டத்துக்கே பள்ளம் கடைந்த கை பெண்டர் சேலத்தில் எந்தப் பகுதிக் கடைகளில் கிடைக்கும்?