ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

முடி உதிர்ந்த தலையில் நிறமியைப் புள்ளி புள்ளியாகக் குத்தி, ஒட்ட மழித்த தலைபோலத் தோன்றவைக்கும் முறைக்குச் சொல் தேடுகிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தலைத்தோல் நுண்ணிறமியேற்றம்’ என்று வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. நுண்மை நிறமியில் இல்லை, குத்தும் அளவில்தான் இருக்கிறது. ‘நுண்ணிறமி’ என்றால் நிறமியே நுண்ணியது என்று பொருள் திரிந்துவிடும்.

ஆங்கிலப் பெயரும் தலைக்கென்று பிறந்ததல்ல. மின்சாரத்தில் இயங்கும் பச்சை குத்தும் கருவிக்கு சாமுவேல் ஓ'ரைலி 1891-இல் காப்புரிமை பெற்றார். இமையோரத்தில் மை தீட்டியதுபோல நிறமி பதிக்கும் முறையை 1984-இல் கண் மருத்துவர் கியோரா ஆங்ரெஸ் மருத்துவ இதழில் எழுதினார். 2001-இல் மருத்துவர் ட்ராக்கினா நிறமி பதிக்கும் இம்முறையைத் தலைத்தோலின் அழகுசார் அறுவைக்குத் துணைமுறையாக வெளியிட்டார். முழு வழுக்கைக்கும் தனிச் சிகிச்சையாக இது பரவியது அதன்பிறகுதான். இமையில் வரைவது கோடு, தலையில் இடுவது புள்ளி. பெயர் மட்டும் மாறவில்லை. நாம் ஏன் அதையே சுமக்க வேண்டும்? ‘தலைத்தோல் புள்ளியிடல்’ என்பது என் பரிந்துரை.

மறு: ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன்

> ‘தலைத்தோல் புள்ளியிடல்’ என்பது என் பரிந்துரை.

ஐயா, வரலாற்றுக் குறிப்புக்கு நன்றி. ஆனால் ‘இடுதல்’ வேண்டாம். பொட்டு இட்டால் துடைத்துவிடலாம். இது ஊசி தோலுக்குள் போகும் வேலை. ஒப்புதல் படிவத்தில் ‘புள்ளியிடல்’ என்று படிப்பவர், துடைத்தால் போய்விடும் என்று நினைத்தால் பிழை சொல்லினுடையது. முன்பு ஒருவர் சொன்ன ‘தலைச்சாயம்’ இன்னும் தவறு. சாயம் உயிரற்ற முடியில் ஏறுவது. இங்கே நிறமியை விழுங்கி வைத்திருப்பவை உள்தோலின் பெருவிழுங்கி உயிரணுக்கள் (மேக்ரோபேஜ்). ஓர் உயிரணு மடிந்து நிறமியை வெளிவிட்டால் அடுத்தது பிடித்துக்கொள்கிறது என்று 2018-இல் எலிகளில் காட்டினார்கள். குத்து அழியாமல் நிற்பது இதனால்தான்.

அப்படியானால் ‘தலைப்பச்சை’ என்றே விடலாமா? கூடாது என்பேன். கரியைத்தான் குத்துகிறோம், ஆறியபின் பசுநீலமாகத் தெரிகிறது. ‘பச்சை’ என்ற பெயர் அந்த நிறத்தைத்தான் சொல்கிறது. தலையில் எந்த நிறம் வரவே கூடாதோ, அதுவே இது. ஊசி மேல்தோலைக் கடந்து உள்தோலின் மேலடுக்கோடு நிற்க வேண்டும். தோராயமாக அரை மில்லிமீட்டர், இடத்துக்கு இடம் மாறும். அதற்கு மேலே நின்றால் தோல் உரியும்போது புள்ளியும் உதிர்ந்துவிடும். ஆழம் மிஞ்சினால் இரண்டு கேடு: மை பக்கவாட்டில் கசிந்து, மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்த புள்ளி கறையாக விரியும், மேலே உள்ள தோல் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் கருமை நீலமாகத் தெரியும். இரும்பு ஆக்சைடு கலந்த பழுப்பு நிறமியாக இருந்தால், நாளாக நாளாகச் செம்மை தட்டும்.

கையின் வேலையும் சொல்லில் தெரியட்டும். தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக வைத்து, தொட்டவுடன் எடுக்க வேண்டும். ஒரு நொடி தயங்கினால் புள்ளி பருத்துவிடும். தழும்பில் இன்னும் கவனம் தேவை. அங்கே நார்த்திசு ஓரிடத்தில் மையை ஏற்காது, பக்கத்திலேயே படரவிடும். ஆகவே ‘குத்து’ இருக்கட்டும், ‘பச்சை’ போகட்டும். ‘தலைத்தோல் நுண்குத்து’ சரிவருமா?

மறு: மறு: ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன்

> ‘தலைத்தோல் நுண்குத்து’ சரிவருமா?

அம்மா, பச்சை பற்றிய வாதத்தை முழுக்க ஏற்கிறேன். ‘நுண்குத்து’ மட்டும் இடிக்கிறது. முடி உதிர்வுக்கே நிறமியில்லாத வெறும் ஊசிகளால் தலைத்தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் இருக்கிறது. அது முடியைத் தூண்டப் பார்ப்பது, இது முடி இருப்பதுபோலக் காட்டுவது. இரண்டுக்கும் ஒரே சொல் போனால் நோயாளிக்குத்தான் குழப்பம். அதை ‘நுண்ணூசிக்குத்து’ என்று ஒதுக்கிவிட்டு, இதற்குத் ‘தலைத்தோல் நிறமிக்குத்து’ என்று வைப்போம். புருவ நிறமிக்குத்து, இமை நிறமிக்குத்து, தழும்பு நிறமிக்குத்து என்று குடும்பமாகவும் வளரும்.

வினையாக எழுதும்போது ‘நிறமி குத்துதல்’. ‘பச்சை குத்துதல்’ போலவே ஒற்று மிகாது. பெயராகும்போது ‘நிறமிக்குத்து’.

துணைச்சொற்கள்: மை பக்கவாட்டில் விரிவது ‘மைப்படர்வு’. நெற்றியோரம் ‘மயிர்வரம்பு’. இதில் ‘கோடு’ வேண்டாம், கோடுபோட்டதுபோல வந்தால் அதுவே தோல்வி. ஓரத்துப் புள்ளிகள் வெளிறியும் முன்பின்னாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை உட்காருவதும் ‘அமர்வு’. பொதுவாக இரண்டு முதல் நான்கு அமர்வு, இடையில் ஒன்றிரண்டு வாரம். முதல் அமர்வின் புள்ளி ஆறும்போது சுருங்கி வெளிறும். அது அடங்கியபிறகே இடைவெளியை நிரப்ப முடியும். சில ஆண்டுகள் கழித்து மங்கியதைச் சரிசெய்வது ‘மறுகுத்து’.

‘டச்-அப்’ என்பதை இரண்டாம் அமர்வுக்கும் சொல்கிறார்கள், ஆண்டுகள் கழித்துச் செய்வதற்கும் சொல்கிறார்கள். ‘மறுகுத்து’ பின்னதற்கு மட்டும் என்று வரையறையில் சேர்த்துவிடுகிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.