முதல் கட்டத்திலேயே வாங்கினால் மட் வரி குறைந்துகொண்டே வருமா?

வேலியோரம்:
"திட்டமிட்ட குடியிருப்பில் முதல் கட்டத்திலேயே வாங்கிவிடுங்கள்; வீடுகள் நிரம்ப நிரம்ப மட் வரி குறைந்துகொண்டே வரும்" என்று கணக்குப்பிள்ளை முந்தைய இழையில் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் முன்பணம் கட்டிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். டெக்சாஸில் மட் (MUD, Municipal Utility District) என்பது புறநகர் நிலத்துக்குக் குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் வசதிகளைக் கொடுப்பதற்காகக் கடன் வாங்கும் அமைப்பு. மனை போடும் நிறுவனம் முதலில் தன் கைப்பணத்தில் குழாய் பதிக்கிறது; பிறகு மட் கடன்பத்திரம் வெளியிட்டு அந்தப் பணத்தை நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடனை நம் சொத்து வரியிலிருந்து அடைக்கிறது. இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று குழாய் நீளும்போது புதிய கடன்பத்திரமும் வரும். பிறகு வரி எப்படிக் குறையும்?

கணக்குப்பிள்ளை:
என் பெயரை இழுக்காமல் உங்களால் ஓர் இழை தொடங்க முடியாதா? பதினோர் ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். வாங்கியபோது இருந்த விகிதத்தில் இன்று ஏறக்குறைய பாதிதான். இருநூறு வீடுகள் சுமந்த கடனை இரண்டாயிரம் வீடுகள் சுமந்தால் வரி குறையத்தான் செய்யும்.

வேலியோரம்:
கட்டிய தொகை குறைந்ததா என்று சொல்லுங்கள். என் ரசீதுகள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறேன். ஓர் ஆண்டில்கூடக் குறையவில்லை.

தென்றல்:
ஐயா, ஒருவர் விகிதத்தைச் சொல்கிறீர்கள், மற்றவர் தொகையைச் சொல்கிறீர்கள். வீட்டின் மதிப்பீடு உயர்ந்தால் விகிதம் குறைந்தும் தொகை ஏறலாம். எதைப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே?

கணக்குப்பிள்ளை:
முடிவு செய்ய எதுவும் இல்லை. வரி குறைந்தது. அவ்வளவுதான்.

வேலியோரம்:
குறையவில்லை. வீடு வாங்குபவருக்கு விற்பவர் கட்டாயம் கொடுக்க வேண்டிய மட் அறிவிப்புப் படிவத்தைப் பாருங்கள். வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த கடன் எவ்வளவு, இதுவரை வெளியிட்டது எவ்வளவு என்று இரண்டும் அதில் இருக்கும். அந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் தொகைதான் இனி நம் தலையில் ஏறக்கூடிய கடன். முதல் கட்டத்தில் வாங்குபவருக்கு அந்த இடைவெளி மிகப் பெரியதாக இருக்கும். அந்த ஒப்புதல் வாக்கெடுப்பும் பெரும்பாலும் குடியேறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலத்திலேயே முடிந்துவிடுகிறது.

நெய்தல்நிலம்:
புளோரிடாவில் இப்படிப்பட்ட அமைப்புக்குச் சிடிடி (CDD, Community Development District) என்று பெயர். 1980ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டுக்காரர் கட்டுவதில் கடன் பகுதி தவணை முடிந்ததும் நின்றுவிடும். பராமரிப்புப் பகுதி நிற்கவே நிற்காது. தொடக்கத்தில் நிலம் வைத்திருப்பவருக்கே ஏக்கருக்கு ஒரு வாக்கு என்பதால் நிறுவனம்தான் ஆள்கிறது. ஆறு ஆண்டுகள் கழிந்து, குறைந்தது 250 வாக்காளர்களும் சேர்ந்த பிறகுதான் குடியிருப்போர் கைக்கு இடங்கள் வரத் தொடங்கும்.

கணக்குப்பிள்ளை:
டெக்சாஸைப் பற்றிப் பேசும்போது புளோரிடா எதற்கு? ஒவ்வோர் இழையிலும் இப்படித்தான் நுழைகிறீர்கள்.

நெய்தல்நிலம்:
வாங்குபவரை முதல் கட்டத்துக்கு இழுக்கும் பேச்சு எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்பதால் எழுதினேன். இதே மாதிரி வசதிகளுக்கு வரி விதிக்க வழிசெய்யும் கலிபோர்னியாவின் மெல்லோ ரூஸ் சட்டத்திலும் (1982) அந்த நிலத்தில் பதிவு செய்த வாக்காளர்கள் பன்னிருவருக்குக் குறைவாக இருந்தால் நில உரிமையாளரே ஏக்கர் கணக்கில் வாக்களித்து வரியை விதித்துவிடலாம். இங்கே எழுதக் கூடாது என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

கணக்குப்பிள்ளை:
ஹூஸ்டனுக்கு வடக்கே உள்ள திட்டமிட்ட குடியிருப்பான உட்லண்ட்ஸைப் பாருங்கள். ஜார்ஜ் மிட்செல் 1974இல் தொடங்கிய அந்த நகரம் இன்று எப்படி நிற்கிறது! முதலில் போனவர்கள்தான் நல்ல மனைகளைப் பெற்றார்கள்.

வேலியோரம்:
அது சட்டப்படி நகரமே இல்லை. 2021 நவம்பரில் நகரமாக்கும் வாக்கெடுப்பை மக்களே தோற்கடித்தார்கள். அடிப்படையே தெரியாமல் அறிவுரை சொல்கிறீர்கள். மறுவிற்பனை இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்: "முதல் கட்ட வீடு உடனே விற்கும்" என்றீர்கள். நான் விற்கப் போனபோது அடுத்த தெருவிலேயே பில்டர் வட்டிச் சலுகையோடு புத்தம்புது வீடுகளை விற்றுக்கொண்டிருந்தார். ஏழு வயதான என் வீட்டை யார் ஏறிட்டுப் பார்ப்பார்? நான்கு மாதம் காத்திருந்து விலையைக் குறைத்தேன். அதை அப்போதே எழுதினேன். நீங்கள் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை:
அவசரப்பட்டு விற்றது உங்கள் முடிவு. அந்தக் கோபத்தை ஏன் மட் வரியின் மேல் காட்டுகிறீர்கள்?

தென்றல்:
நான் அடுத்த வாரம் ஒரு மனையைப் பார்க்கப் போகிறேன். அந்த மட் அறிவிப்புப் படிவத்தில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்வீர்களா?

வேலியோரம்:
ஒப்புதல் பெற்ற கடனையும் வெளியிட்ட கடனையும் பாருங்கள், அம்மா. இன்னும் எத்தனை கட்டங்கள் பாக்கி என்று விற்பனை அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரி குறையும் என்று அவர்கள் வாயால் சொன்னால் நம்பாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
என் வீட்டில் குறைந்தது.

வேலியோரம்:
ரசீதைக் காட்டுங்கள்.