மேக்னெட்டோவுக்கு ஆஷ்விட்ஸ் முன்கதை கொடுத்தது சரியா?

பழைய இதழ் எழுதியது:

மார்வெல் நிறுவனத்தின் எக்ஸ்-மென் சித்திரக்கதைகளின் முதன்மை வில்லனான மேக்னெட்டோவை இன்று யார் அறிமுகப்படுத்தினாலும், நாஜி வதைமுகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்த யூதச் சிறுவன் என்றுதான் தொடங்குகிறார்கள். அந்த முன்கதை பாத்திரத்தை உயர்த்திவிட்டது என்பது இங்கே பலரின் துணிபு. என் கருத்து நேர்மாறானது. அது பாத்திரத்தையும் கெடுத்தது, உண்மையில் நடந்த ஒரு பேரழிவையும் கதைக்கு உதவும் கருவியாக்கிவிட்டது.

1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் முதல் இதழில் அவனைப் படைத்தபோது அவனுக்கு ஊரும் இல்லை, பெற்றோரும் இல்லை, இயற்பெயரும் இல்லை. கேப் சிட்டடல் என்னும் அமெரிக்க ஏவுகணைத் தளத்தைக் காந்த ஆற்றலால் கைப்பற்றி, மனிதர்களைவிட, பிறவியிலேயே அபூர்வ ஆற்றல் பெற்ற மியூட்டன்ட்களே மேலானவர்கள், இனி உலகை ஆளவேண்டியவர்கள் அவர்களே என்று சொல்பவனாகவே அவன் வருகிறான். நான்காம் இதழில் சான்டோ மார்க்கோ என்னும் கற்பனை நாட்டைப் படைதிரட்டிப் பிடித்து ஆள்கிறான்; தோற்றுப் பின்வாங்கும்போது அந்த நாட்டு மக்கள் அனைவரையும் அழிக்க அணுகுண்டு வைத்துவிட்டுப் போகிறான். அதைச் செயலிழக்கச் செய்தவன் அவனுடைய கூட்டத்திலேயே இருந்த க்விக்சில்வர். யூதக் குடும்பங்களில் பிறந்த இரண்டு பேர், அவர்களில் ஒருவர் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேரடியாகப் போரிட்டவர், இனமேன்மை பேசும் ஒரு சர்வாதிகாரியை வரைந்திருக்கிறார்கள். அவன் யாருடைய சாயல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1981 அக்டோபரில் வெளியான 150-ஆம் இதழில், அப்போது தொடரை எழுதிவந்த கிறிஸ் கிளேர்மாண்ட் அவனை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வளர்ந்தவனாக ஆக்கினார். கொன்றவர்களின் சாயலில் பிறந்த பாத்திரத்தின் கையில் கொல்லப்பட்டவர்களின் துயரத்தைக் கொடுத்தார். அன்றிலிருந்து அவனுடைய எந்தக் குற்றத்தைச் சுட்டினாலும், அவன் பட்டதை நீங்கள் அறியமாட்டீர்கள் என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது.

காந்தமலை எழுதியது:

நண்பர் பழைய இதழ் 150-ஆம் இதழின் வெளியீட்டுத் திங்களைக் குறிப்பிட்டார். அதில் என்ன நடக்கிறது என்பதைக் குறிப்பிடவில்லை. வழக்கே அங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அந்தக் கதையில் மேக்னெட்டோ உலக நாடுகளுக்கு ஓர் இறுதி எச்சரிக்கை விடுக்கிறார். அணு ஆயுதங்களைக் கைவிட்டுத் தம் ஆட்சிக்குப் பணியவேண்டும், இல்லையேல் அழிவு. சோவியத் நீர்மூழ்கிக் கப்பலான லெனின்கிராட் அவர்மீது ஏவுகணைகளைச் செலுத்துகிறது. அவர் அந்தக் கப்பலை அதிலிருந்த மாலுமிகளோடு கடலில் மூழ்கடிக்கிறார். பிறகு எக்ஸ்-மென் குழுவோடு நடக்கும் சண்டையில், தம் கருவிகளைச் சிதைத்த ஒருவரை ஆத்திரத்தில் தாக்கி வீழ்த்துகிறார். வீழ்ந்து கிடப்பவள் கிட்டி பிரைடு. பதின்மூன்று, பதினான்கு வயதுள்ள யூதச் சிறுமி. அவள் இறந்துவிட்டாள் என்று நம்பி அவளைக் கையில் ஏந்திக்கொண்டுதான் அவர் ஆஷ்விட்ஸைப் பற்றிப் பேசுகிறார். தம் குடும்பத்தைக் கொன்றவர்கள் செய்ததைத் தாமே செய்துவிட்டதாக உணர்ந்து, போரைக் கைவிட்டு வெளியேறுகிறார்.

ஆகவே, அந்தக் கடந்தகாலம் கதைக்குள் நுழையும் முதல் காட்சியிலேயே அது அவருக்கு எதிரான சாட்சியமாகத்தான் வருகிறது. அதைக் காட்டி அவருக்காக வாதாட அந்தக் காட்சியில் யாரும் இல்லை. சான்டோ மார்க்கோவில் அணுகுண்டு வைத்தவனை நாம் வெறுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். தான் யாருடைய நிழலாக மாறிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கே தெரியவேண்டும் என்ற கட்டாயம் 1963-இன் கதையில் இல்லை. 1981-இல் அந்தக் கட்டாயம் வந்தது. கொன்றவர்களின் சாயல் அவரிடமிருந்து அகற்றப்படவில்லை. அந்தச் சாயலை இனங்காணத் தகுதியுள்ள ஒரே மனிதராக அவரையே ஆக்கியதுதான் கிளேர்மாண்ட் செய்த வேலை.

மூன்றாம் பக்கம் எழுதியது:

விவாதத்தின் ஓர் ஓரத்தில் ஒரு நடைமுறைச் சிக்கலையும் வைக்கிறேன். மார்வெல் கதைகளில் மற்ற பாத்திரங்களின் இளமைக்காலத்தை ஆண்டுகள் செல்லச் செல்ல முன்னகர்த்திக்கொள்கிறார்கள்; அயர்ன் மேனின் தொடக்கம் வியட்நாமிலிருந்து ஆப்கானிஸ்தானுக்கு நகர்ந்தது. மேக்னெட்டோவை அப்படி நகர்த்த முடியாது. 1974-இல் அவர் கைக்குழந்தையாக மாற்றப்பட்டதும், 1977-இல் வெளியான 104-ஆம் இதழில் மீண்டும் முழு வலிமையுள்ள இளமையோடு திரும்பியதும், முன்கதை எழுதப்படுவதற்கு முன்பே நடந்த தற்செயல்கள். அவை பின்னர் அவருடைய வயதுக்கு விளக்கமாகப் பயன்பட்டன. ஆனால் இனிவரும் திரைப்படங்களில் 1940-களின் சிறுவன் ஒருவனை இன்றைய காலத்தில் எப்படி நடமாடவிடுவார்கள்? வேறு நாட்டின், வேறு காலத்தின் பேரழிவு ஒன்றை அவருக்குக் கொடுக்கலாம் என்று பலர் எழுதுவதைக் காண்கிறேன். இங்குள்ளோர் கருத்து என்ன?

பழைய இதழ் எழுதியது:

வயதுக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் காந்தமலை அவர்களுக்கு.

150-ஆம் இதழின் அந்தக் காட்சி நன்றாக எழுதப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி, அதன்பின் அந்தச் சாட்சியம் எந்த நீதிமன்றத்தில் எடுபட்டது என்பது. 199-ஆம் இதழில், பேரழிவில் உயிர்தப்பியவர்கள் கூடும் நிகழ்ச்சியில் அவன் தன்னை ஒப்படைத்துக்கொள்கிறான். 1985-இன் இறுதியில் வந்த 200-ஆம் இதழில் பாரிஸ் நகரில் பன்னாட்டு நீதிமன்றம் கூடுகிறது. அங்கே என்ன நடக்கிறது? குழந்தையாக மாற்றப்படுவதற்கு முன்பு அவன் செய்தவை எல்லாம் வழக்கிலிருந்து நீக்கப்படுகின்றன, ஏனெனில் அவன் மறுபிறவி எடுத்தவனாகக் கருதப்படுகிறான். சான்டோ மார்க்கோ மக்களின் வழக்கு அந்த ஒரு தீர்ப்பில் முடிந்துபோகிறது. மிஞ்சியது லெனின்கிராட் கப்பலின் மாலுமிகள். அவர்களுக்கான விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்ட்ரக்கர் பிரபுவின் இரட்டைப் பிள்ளைகள் தாக்குதல் நடத்துகிறார்கள், எக்ஸ்-மென் குழுவை நிறுவிய சார்லஸ் சேவியர் உயிருக்குப் போராடுகிறார், தன் பள்ளியை மேக்னெட்டோ நடத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். விசாரணை முடிவடையவில்லை. குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கியவன் அடுத்துச் சென்று அமர்ந்தது தலைமையாசிரியர் நாற்காலியில்.

அந்த மாலுமிகளில் ஒருவரின் வீட்டையாவது கதை நமக்குக் காட்டியதா? மேக்னெட்டோவின் துயரத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைத்தது. அவனால் துயருற்றவர்கள் பெயரின்றி நீரில் மூழ்கினார்கள். முன்கதை வாசகரின் பரிவை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகிறது என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

வடகரை வாசகி எழுதியது:

இருவரும் கிளேர்மாண்டோடு நின்றுவிடுகிறீர்கள். அந்த முன்கதை ஒரே நாளில் எழுதப்பட்டதன்று. துண்டு துண்டாகச் சேர்ந்தது, நடுவில் சிதைக்கவும் பட்டது. அதனால் அதைச் சரி அல்லது தவறு என்று மொத்தமாகத் தீர்ப்பிட எனக்கு மனம் வரவில்லை.

1980-களின் பிற்பகுதியில், பழைய இதழ்களின் மறுபதிப்போடு சேர்த்து வெளியிடப்பட்ட ஒரு சிறுகதையில் மாக்டாவும் மகள் அன்யாவும் வருகிறார்கள். முகாமிலிருந்து தப்பியவர் உக்ரைனின் வின்னிட்சியா நகரில் மனைவி, குழந்தையோடு புதுவாழ்வு தொடங்குகிறார். தீப்பிடித்த விடுதியில் மகள் சிக்கிக்கொண்டபோது அவளைக் காப்பாற்றவிடாமல் அவரைத் தடுக்கிறார்கள். குழந்தை இறந்ததும் அவருடைய ஆற்றல் கட்டுமீறிச் சூழ்ந்திருந்தவர்களைக் கொல்கிறது. அதைக் கண்ட மாக்டா அவரை விட்டு ஓடிவிடுகிறாள். என்னைப் பொறுத்தவரை மேக்னெட்டோ பிறந்த இடம் ஆஷ்விட்ஸ் அன்று, வின்னிட்சியாதான். முகாமிலிருந்து வந்த மனிதர் தச்சுவேலையும் குடும்பமும் போதும் என்றே இருந்தார். அந்த இரண்டாவது இழப்பே அவரைத் திருப்பியது. பேரழிவில் தப்பியவர்கள் கொலைகாரர்களாகிவிடுவார்கள் என்ற கேவலமான முடிவுக்கு வாசகர் போய்விடாமல் இந்தச் சிறுகதைதான் தடுக்கிறது. ஆனால் திரைப்படங்கள் வின்னிட்சியாவை விட்டுவிட்டு முகாமின் வாயிற்கதவிலிருந்து நேரே வில்லனின் தலைக்கவசத்துக்குத் தாவுகின்றன.

1990-களில் நேர்ந்தது இன்னும் வருத்தத்துக்குரியது. எரிக் லென்ஷெர் என்ற பெயரையும் சிந்தி ரோமா வம்சத்தையும் அவருக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பெயரே போலி ஆவணத்தில் வாங்கியது என்று மாற்றினார்கள். ரோமா மக்களும் அதே முகாம்களில் கொல்லப்பட்டவர்கள். அவர்களுடைய வரலாற்றை ஓர் அடையாள அட்டையைப்போல் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றது இரு சமூகங்களுக்கும் செய்த அவமதிப்பு என்றே கருதுகிறேன்.

2008-இல் கிரெக் பாக் எழுத, கார்மைன் டி ஜியான்டொமெனிகோ வரைந்த ஐந்து இதழ்த் தொடர்தான் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. அதில் அவர் மேக்ஸ் ஐசன்ஹார்ட். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டவரின் மகன். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935-இன் நியூரம்பெர்க் சட்டங்கள், அவர்கள்மீது 1938 நவம்பரில் நடந்த வெறியாட்டம், அவர்களை அடைத்துவைத்த வார்சா சேரி, பிறகு ஆஷ்விட்ஸ் என்று கதை வரலாற்றின் அடிச்சுவட்டிலேயே நடக்கிறது. முகாமில் அவன் சோண்டர்கமாண்டோவில், அதாவது கொல்லப்பட்டவர்களின் உடல்களை எரிக்கும் பணிக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளின் குழுவில், உழல்கிறான். 1944 அக்டோபர் 7-இல் அந்தக் குழு கிளர்ந்தெழுந்து ஓர் எரிகூடத்தைத் தகர்த்தது வரலாறு. தொடர் அதையும் காட்டுகிறது. தான் கண்டவற்றை எழுதி மேக்ஸ் மண்ணில் புதைக்கிறான். அதுவும் கற்பனை அன்று: சோண்டர்கமாண்டோவில் இருந்த சல்மான் கிராடோவ்ஸ்கி புதைத்துவைத்த கையெழுத்துப் படிகள் போருக்குப் பின் ஆஷ்விட்ஸ் மண்ணிலிருந்தே தோண்டி எடுக்கப்பட்டன.

அந்த ஐந்து இதழ்களிலும் காந்த ஆற்றல் வெளிப்படையாக எங்கும் இயங்கவில்லை. சூப்பர் ஆற்றலால் யாரும் காப்பாற்றப்படவில்லை. பேரழிவு கருவியாக்கப்பட்டது என்று நண்பர் பழைய இதழ் சொல்லும் குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது.

காந்தமலை எழுதியது:

வடகரை வாசகி அவர்கள் வின்னிட்சியாவைப் பற்றிச் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் பாரிஸ் விசாரணையைப் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது; அதற்கு நான்தான் பதில் சொல்லவேண்டும்.

மேக்னெட்டோவையும் சேவியரையும் மால்கம் எக்ஸோடும் மார்ட்டின் லூதர் கிங்கோடும் ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. கிளேர்மாண்ட் தாமே சுட்டிய ஒப்புமை வேறு: இஸ்ரேல் பிரதமராக இருந்த மெனாகம் பெகின். இர்குன் என்னும் ஆயுதக் குழுவின் தலைவராக இருந்தவர் அவர். 1946 ஜூலையில் அந்தக் குழு ஜெருசலேமின் கிங் டேவிட் விடுதியில் வைத்த குண்டு 91 பேரைக் கொன்றது. அதே மனிதர் 1978-இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிளேர்மாண்ட் மேக்னெட்டோவை அந்தத் திசையில் நடத்திச்செல்லவே எண்ணியிருந்தார். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இளம் சேவியரும், அப்போது மேக்னஸ் என்ற பெயரில் இருந்த மேக்னெட்டோவும் நண்பர்களாக இருந்த நாள்களை 161-ஆம் இதழில் அவர் எழுதியதும் இதற்கான அடித்தளம்தான்.

அப்படியானால் தீர்ப்பு வராத விசாரணையைத் தவறி விட்ட இடமாக நான் கருதவில்லை. பெகினுக்கும் தீர்ப்பு வரவில்லை. கொன்ற கை பிறகு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதை உலகம் கண்டது. அதை எப்படி எடைபோடுவது என்று இன்றுவரை மக்கள் பிரிந்தே நிற்கிறார்கள். கதையும் நம்மை அங்கேயே நிறுத்துகிறது.

பழைய இதழ் எழுதியது:

இந்த ஒப்புமை என் வாதத்துக்குத்தான் துணை செய்கிறது. பெகினைப் பற்றி மக்கள் பிரிந்து நிற்கிறார்கள் என்றால், கிங் டேவிட் விடுதியில் இறந்தவர்களுக்குப் பெயரும் குடும்பமும் நினைவும் உண்டு என்பதும் அதற்கு ஒரு காரணம். லெனின்கிராட் மாலுமிகளுக்கு அது எதுவும் இல்லை. தீர்ப்பைத் திறந்து விடுவது வேறு, ஒரு தரப்பைப் பேசவே விடாமல் கதையை நகர்த்துவது வேறு.

வடகரை வாசகி சொன்ன 2008 தொடரை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஏன் நன்றாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மேக்னெட்டோ என்னும் வில்லன் அதற்குள் வருவதே இல்லை. வில்லனின் பெயரை அட்டையில் விட்டுவிட்டு மேக்ஸ் என்ற சிறுவனின் கதையை மட்டும் சொன்னதால்தான் அது வரலாற்றுக்கு உண்மையாக இருக்க முடிந்தது. இரண்டையும் ஒரே உடலில் பொருத்தும் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒன்று சிறுத்துப்போகிறது. 2003-இல் எழுத்தாளர் கிராண்ட் மாரிசன் அவனை மனிதர்களைக் கூட்டமாக எரிகூடத்துக்கு அனுப்புபவனாகக் காட்டினார், வாசகர்கள் கொதித்தார்கள், அது மேக்னெட்டோவே இல்லை, வேடமிட்ட வேறொருவன் என்று நிறுவனம் மாற்றி எழுதியது. முன்கதை அவனைச் சுற்றி ஒரு வேலி போட்டுவிட்டது என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டுமா?

மூன்றாம் பக்கம் கேட்டதற்கு என் விடை. முன்கதையை எதிர்ப்பவனாகிய நானே, அதை எடுத்துவிட்டு வேறொரு மக்களின் பேரழிவை அந்த இடத்தில் வைப்பதை இன்னும் வலுவாக எதிர்ப்பேன். ஒரு படுகொலைக்குப் பதில் இன்னொன்றைப் பொருத்திக்கொள்ளலாம் என்றால், 1990-களில் ரோமா மக்களுக்குச் செய்ததையே திரும்பச் செய்வதாகும். அவனை நூறு வயதுக் கிழவனாகவே காட்டட்டும். அல்லது அவன் இளமை திரும்பிய பழைய கதையையே எடுத்துக்கொள்ளட்டும்.

வடகரை வாசகி எழுதியது:

கடைசிப் பத்தியில் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மாலுமிகளின் தரப்பு பேசப்படவில்லை என்பது முன்கதையின் குறை அன்று, பின்கதையின் குறை. அதை இன்றும் எழுத முடியும். பாரிஸில் பாதியில் நின்ற அந்த விசாரணையை எவரேனும் மீண்டும் கூட்டி, மூழ்கிய மாலுமி ஒருவரின் மகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, மேக்ஸ் ஐசன்ஹார்ட்டின் முகத்தைப் பார்த்துப் பேசவைக்கட்டும். தம் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்லி அவளுக்கு மறுமொழி கூற அவரால் இயலாது. ஆஷ்விட்ஸை அவருடைய முன்கதையாக வைத்த எழுத்தாளர்கள் இன்னும் எழுதாமல் விட்டுவைத்திருக்கும் இதழ் அதுதான்.