பாத்ரூம் தரையை உடைக்காமல் வீட்டைப் புதுப்பித்தேன் என்பவருக்கு ஒரு கேள்வி (மும்பை)

கீழ்வீடு_செம்பூர்
போன வாரம் முலுண்ட் நண்பர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "பாத்ரூம் டைல்ஸை உடைப்பதெல்லாம் கான்ட்ராக்டர் பணம் பிடுங்கும் வழி. பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டுங்கள், 12 நாளில் மொத்த வீடும் முடிந்துவிடும்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு எட்டுப் பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறீர்கள்.

என் மேல் வீட்டில் இதே வேலையைத்தான் செய்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. என் பாத்ரூம் கூரையில் முதலில் மஞ்சளாக ஒரு வட்டம் வந்தது. அப்புறம் பூஞ்சை. இப்போது பிளாஸ்டர் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. குளிக்கப் போகும்போது தலைக்கு மேல் பார்த்துக்கொண்டே போகிறேன்.

ஒரே கேள்வி. டைல்ஸுக்கு அடியில், தண்ணீர் கீழே இறங்காமல் தடுக்கும் பழைய வாட்டர்புரூஃபிங்கை என்ன செய்தீர்கள்?

முலுண்ட்_302
மேடம், உங்கள் மேல் வீட்டுக்காரர் செய்த கோளாறுக்கு என்னைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டவில்லை. ஒவ்வொரு டைலையும் காசால் தட்டிப் பார்த்தேன். பொள்ளல் சத்தம் வந்த 11 டைல்களைப் பெயர்த்து, கலவை போட்டு நிரப்பினேன். மீதியைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கி, டைல்மேல் டைல் ஒட்டவென்றே விற்கும் பாலிமர் பசையில் ஒட்டினோம். டைல் இடுக்கு முழுவதும் எபாக்ஸி என்ற பிசின் கலவை. எபாக்ஸியில் தண்ணீர் இறங்காது.

12 நாள் எப்படி என்று சிலர் கேட்டீர்கள். அதற்கு முன் இரண்டு மாதம் திட்டம் போட்டேன். டைல்ஸ், குழாய், சுவிட்ச், பெயிண்ட் எல்லாம் வாங்கி அடுக்கிய பிறகுதான் மிஸ்திரியைக் கூப்பிட்டேன். பாதிப் பேர் சுவரை உடைத்துவிட்டு அப்புறம்தான் டைல்ஸ் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். மூன்று மாதம் ஆகாமல் என்ன செய்யும்?

கீழ்வீடு_செம்பூர்
நான் கேட்டது டைல்ஸுக்கு அடியில். நீங்கள் சொல்வதெல்லாம் டைல்ஸுக்கு மேலே.

எபாக்ஸி இடுக்கில் இறங்காது, சரி. தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப்பைச் சுற்றி? கமோட் குழாய் தரைக்குள் போகும் இடத்தில்? சுவரும் தரையும் சேரும் மூலையில்? தண்ணீர் அங்கேதான் வழி தேடும். அடியில் இருக்கும் பூச்சு 1980-களில் போட்டது. அதன் ஆயுள் முடிந்து எத்தனை வருஷம் ஆயிற்று? அதை உடைத்தீர்களா, இல்லையா?

சயான்_சைட்
31 வருஷம் சைட்டில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு பேருமே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் சண்டை போடுகிறீர்கள். உங்கள் பாத்ரூம் ஸ்லாப் மற்ற அறைகளைவிடத் தாழ்த்திப் போட்ட பள்ள ஸ்லாபா, ஒரே மட்டத்தில் போட்ட சமதள ஸ்லாபா? பள்ளமாக இருந்தால் அதற்குள் உடைந்த செங்கல்லும் சிமெண்டும் போட்டு நிரப்பியிருப்பார்கள். அதைத்தான் பம்பாயில் பிரிக்பேட் கோபா என்கிறோம். "வாட்டர்புரூஃபிங்" என்று நீங்கள் சொல்வது அந்தக் கோபாவையா, அதற்கு மேல் அடித்த ரசாயனப் பூச்சையா? அதைத் தெளிவுபடுத்திவிட்டுப் பேசுங்கள்.

முலுண்ட்_302
சார், எந்த ஸ்லாபாக இருந்தால் என்ன? எங்கள் கட்டடம் 1986-இல் கட்டியது. அதில் பிரேக்கர் மெஷினை வைத்துக் கோபாவை உடைத்தால் ஸ்லாபே அதிரும். கீழ் வீட்டுக் கூரையில் விரிசல் விட்டால் அதற்கும் என்னைத்தானே சொல்வார்கள்?

கீழ்வீடு_செம்பூர்
மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும் வைத்து மெதுவாக எடுக்கலாம். நாலு நாள் கூட ஆகும், அவ்வளவுதான். நான் 2019-இல் என் வீட்டில் அப்படித்தான் செய்தேன். கோபாவை எடுத்தபோது உள்ளே ஊறிப்போய்க் கறுத்திருந்தது. சுவருக்குள் போன பழைய ஜிஐ இரும்புக் குழாயைக் கையால் அழுத்தினாலே பொடிந்தது. எல்லாவற்றையும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயாக மாற்றினேன். ஸ்லாப் காயும்வரை காத்திருந்து, பாலிமர் பூச்சு இரண்டு தடவை, ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாக அடித்து, சுவரிலும் ஒரு அடி ஏற்றினோம். டிராப்பை அடைத்து மூன்று அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் வைத்தோம். கீழ் வீட்டு மாமியை நானே கூப்பிட்டு அவர் வீட்டுக் கூரையைப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் டைல்ஸ்.

நீங்கள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தீர்களா? உங்கள் கீழ் வீட்டுக்காரரைக் கேட்டீர்களா?

டோம்பிவிலி_தம்பி
அக்கா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் எல்லாருக்கும் உடைக்க வசதி இருக்காது. ஒரே பாத்ரூம் உள்ள ஒன் பிஹெச்கே-யில் தரையை உடைத்துவிட்டுக் குடும்பம் எங்கே போகும்? எங்கள் வீட்டில் அப்பாவுக்கு 78 வயது. அண்ணன் சொன்ன மாதிரிதான் நானும் செய்யலாம் என்றிருந்தேன்.

கீழ்வீடு_செம்பூர்
தம்பி, அப்பாவுக்கு 78 வயது என்றால் இதையும் கேட்டுக்கொள். பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் போட்டால் தரை ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். பாத்ரூம் தரை எப்போதும் வெளித் தரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இப்போது அது சமமாகிவிடும். தண்ணீர் வெளியே வரும். வராமலிருக்க வாசலில் ஒரு பட்டியை உயர்த்தி வைப்பார்கள். இருட்டில் அப்பா கால் அதில்தான் இடறும்.

முலுண்ட்_302
வெளித் தரையையும்தான் நான் டைல்ஸ் போட்டு உயர்த்தினேன்! கதவின் அடியைச் சீவினேன்! எதையுமே தெரிந்துகொள்ளாமல் பயமுறுத்துகிறீர்கள்.

சயான்_சைட்
வெளித் தரையையும் உயர்த்தினீர்களா? வீடு முழுக்கவா? சதுர அடிக்கு டைலும் பசையும் சேர்ந்து இரண்டரைக் கிலோ வரும். 500 சதுர அடிக்கு 1,250 கிலோ ஆயிற்று. 30 வருஷம் தாண்டிய கட்டடத்துக்கு மாநகராட்சிச் சட்டம் 353பி பிரிவின்படி ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டட உறுதிச் சோதனை, செய்ய வேண்டும். செய்தார்களா? வீட்டுவசதி சொசைட்டிக்குச் சொல்லிவிட்டுத்தான் வேலை செய்தீர்களா?

முலுண்ட்_302
கடிதம் கொடுத்தேன், டெபாசிட் கட்டினேன், இடித்த குப்பையைக் கோணியில் கட்டி லாரியில் அனுப்பினேன். அதே 1888 சட்டத்தின் 342-ஆம் பிரிவில், தரை டைல்ஸ் மாற்றுவது சாதாரணப் பழுது வேலை, மாநகராட்சி அனுமதி வேண்டாம் என்று இருக்கிறது. எனக்கும் சட்டம் தெரியும் சார்.

கீழ்வீடு_செம்பூர்
அனுமதி யார் கேட்டார்கள்? உடைத்தீர்களா இல்லையா?

மாட்டுங்கா_பழசு
தாத்தா காலத்திலிருந்து மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிறோம். எங்கள் கட்டடத்தில் எவரும் எதையும் உடைத்ததில்லை, ஒழுகியதும் இல்லை. அந்தக் காலத்து வேலை அப்படி. முலுண்ட் தம்பியிடம் நான் கேட்க வந்தது வேறு. சமையலறை அலமாரிக்கு என்ன ப்ளை போட்டீர்கள்?

முலுண்ட்_302
303 தர ப்ளை போட்டேன் சார். கொதிநீர் தாங்கும் வகை.

மாட்டுங்கா_பழசு
சிங்க்குக்கு அடியிலுமா? அங்கே 710 தர மரைன் ப்ளை அல்லவா போட வேண்டும்! மும்பை மழைக்கு ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சுவரே ஈரமாக இருக்கும். ப்ளையில் காசு மிச்சம் பிடிக்கிறவர் எங்களுக்கு யோசனை சொல்கிறீர்கள்.

முலுண்ட்_302
போன வருஷம் தண்ணீர்த் தொட்டி விவாதத்தில் நான் உங்கள் கணக்கைத் தப்பு என்று காட்டினேன். அதை இன்னும் மனசில் வைத்திருக்கிறீர்கள். அதுதான் இப்போது ப்ளையாக வெளியே வருகிறது.

மாட்டுங்கா_பழசு
அந்தக் கணக்கு இன்றைக்கும் சரிதான். நீங்கள்தான் லிட்டரையும் கேலனையும் குழப்பினீர்கள்.

கீழ்வீடு_செம்பூர்
தொட்டியையும் ப்ளையையும் வேறு இடத்தில் பேசுங்கள். என் கூரையில் கம்பி துருவேறுகிறது. துருப்பிடித்தால் இரும்பு பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும். இது பெயிண்ட் அடித்து மறைக்கிற கறை இல்லை. மேல் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னால், "புது டைல்ஸ் போட்டு எண்ணி ஆறு மாதம், எங்களால் இருக்க முடியாது" என்கிறார். சொசைட்டி செயலாளர், "இரண்டு வீட்டுக்காரர்களும் பேசிக்கொள்ளுங்கள்" என்கிறார். சொசைட்டிகளுக்கான மாதிரி துணை விதிகளில் தெளிவாக இருக்கிறது. மழைநீர்க் கசிவும் வெளிப் பொதுக் குழாய்க் கசிவும் சொசைட்டி பொறுப்பு. வீட்டுக்குள் கழிவறை, சிங்க்கிலிருந்து வரும் கசிவு அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. அதைப் படித்துக் காட்டியும் ஒருவரும் அசையவில்லை.

12 நாளில் முடித்தேன் என்று இங்கே எழுதுகிறவர் அவர் வீட்டுப் பளபளப்பைத்தான் பார்க்கிறார். அதன் கீழே ஒரு குடும்பம் இருக்கிறது.

முலுண்ட்_302
என் கீழ் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. 14 மாதம் ஆகிவிட்டது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

கீழ்வீடு_செம்பூர்
தண்ணீர் நிறுத்திப் பார்த்தீர்களா?

முலுண்ட்_302
14 மாதமாகத் தினமும் நாலு பேர் குளிக்கிறோம். அதைவிடப் பெரிய சோதனை எது?

சயான்_சைட்
குளிக்கிற தண்ணீர் சரிவில் ஓடிவிடும் தம்பி. நின்றால்தான் ஓட்டை தெரியும். இன்னும் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பள்ள ஸ்லாபா, சமதள ஸ்லாபா?

டோம்பிவிலி_தம்பி
அப்போது நான் என்னதான் செய்வது? மிஸ்திரி ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறார்.

முலுண்ட்_302
என் பசை, எபாக்ஸி பட்டியல் முழுவதையும் தனியாக அனுப்புகிறேன் தம்பி. இங்கே நிம்மதியாக எழுத விடமாட்டார்கள்.

கீழ்வீடு_செம்பூர்
பட்டியல் வாங்கிக்கொள் தம்பி, தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மிஸ்திரி வரும்போது முதலில் உன் கீழ் வீட்டுக்குப் போ. அவர்கள் பாத்ரூம் கூரையைப் படம் எடுத்து இங்கே போடு. மற்றதை அப்புறம் பேசலாம்.

முலுண்ட் சார், நீங்களும்தான்.